சுண்ணாம்புக் கை

பெண் பார்க்க வந்த அன்று அவர் எங்கள் வீட்டு வாசக்காலில் தலையை இடித்துக்கொண்டார். அத்தனை உயரம். ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்த்தேன். கறையில்லை, வெடிப்பில்லை, நகமெல்லாம் ஒழுங்காக இருந்தது. தோல் கம்பெனிக்காரருக்கு இப்படி ஒரு கை எப்படி வரும் என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் பக்கத்தில் கையைப் பார்த்தே ஆள் எந்த செக்‌ஷனில் நிற்கிறான் என்று சொல்லிவிடுவார்கள். குரோம் உப்பில் தோலைப் பதப்படுத்துகிறவன் கை நீலம் பாய்ந்திருக்கும். கலர் போடுகிறவனுக்கு நகத்துக்குள் கருப்போ பழுப்போ தங்கிவிடும். தோலிலிருந்து மயிரை எடுக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைப்பார்களே, அங்கே நிற்கிறவன் கைதான் ரொம்ப மோசம். விரல் நுனியைச் சுண்ணாம்பு தின்றுவிடும். பிளந்து பிளந்து நிற்கும். வலி தாங்காமல் விரலுக்குத் துணி சுற்றிக்கொள்வார்கள். துணி இருந்த இடம் மட்டும் மோதிரம் கழற்றின மாதிரி வெளுத்துக் கிடக்கும். என் அப்பா, அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், பூரா ஆயுசும் அந்தத் தொட்டியில் நின்றவர். சாப்பிடும்போது ரசம் விரலில் பட்டால் கண்ணை மூடித் திறப்பார். அம்மா படுத்த படுக்கையானதால் நான் எட்டாவதோடு நின்றேன். அதற்கப்புறம் நைனாவுக்குத் தினமும் விரலில் தேங்காயெண்ணெய் வைத்துத் துணி கட்டியது நான்தான்.

கல்யாணத்துக்கப்புறம்தான் இவர் கை ஏன் சுத்தம் என்று தெரிந்தது. வேலையே பாஸ்கெட் பாலுக்காகக் கொடுத்த வேலை. முதலாளிக்கு அந்த ஆட்டத்தில் அப்படி ஒரு பைத்தியம். கம்பெனி பெயரில் ஒரு டீம் வைத்திருந்தார். இவரைத் தோலை அளக்கிற மிஷினில், கறை படாத இடமாகப் பார்த்து உட்காரவைத்திருந்தார். மத்தியானத்துக்கு மேல் கிரவுண்டுக்கு அனுப்பிவிடுவார். மற்ற ஆட்கள் வாய்விட்டே சொல்வார்கள், "நாங்க தோலை உருட்றோம், அவன் பந்தை உருட்றான், கூலி மட்டும் ஒண்ணு." அவர் ஆடி நான் பார்த்ததில்லை. எங்கள் தெருப் பெண்கள் கிரவுண்டுப் பக்கம் போய் நிற்கிற வழக்கம் கிடையாது. ஆகவே பந்து ஆடுவதும் ஒரு வேலைதான் என்று அவர் சொன்னதை அரைகுறையாகத்தான் நம்பினேன்.

மகள் பிறந்த வருஷம் வேலூரில் ஒரு போட்டி நடந்தது. அங்கே ஒரு மலையாளி கோச் இவரைப் பார்த்திருக்கிறார். பஹ்ரைனில் ஒரு கிளப்பில் ஆடக் கூப்பிட்டார். விசா, டிக்கெட், இருக்க இடம் எல்லாம் கிளப்பே கொடுக்குமாம். பந்து ஆடுவதற்குச் சம்பளமாம். எங்கள் தெருவில் ஒருவன் வெளிநாடு போவதென்றால் நகையை வைத்து ஏஜெண்டுக்குக் கொடுப்பான், ஏஜெண்ட் பம்பாயில் காணாமல் போவான், இவன் திரும்பி வருவான். அதுதான் நாங்கள் கண்டது. இவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் உதைத்தது.

"ஒண்ணும் வாங்காம எவனாவது வெளிநாட்டுக்கு அனுப்புவானா? யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

"வாங்கினாலும் சந்தேகம், வாங்கலைனாலும் சந்தேகமா உனக்கு?"

"வாங்குனா இன்னா ஏமாத்துறான்னாவது தெரியும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் போன பிறகு தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எதிர்வீட்டுப் பாயம்மா நல்லவர்தான். ஆனால் மனசில் பட்டதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். பாயம்மா சொந்தத்தில் ஒருவர் சவுதியில் சூப்பர்வைசர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். லீவில் வந்த மறுநாள் தெருவில் போன ஆட்டு மந்தையைப் பார்த்து, தன்னை மறந்து நாக்கைச் சொடுக்கியிருக்கிறார். அத்தனை ஆடும் நின்று திரும்பிப் பார்த்ததாம். "அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு எதுக்கு சூப்பர்வைசர்னு" என்று பாயம்மா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவர் ஒரு போட்டோ அனுப்பினார். பனியனில் நம்பர் போட்டு, பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என் நாத்தனார் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பின்னாடி திரை தெரியுது பாரு அண்ணி. ஸ்டுடியோ. வேலூர்ல கூட ராஜா டிரஸ் வாடகைக்குக் குடுக்குறான்." சொந்த அண்ணனைப் பற்றியே இப்படிச் சொல்கிறாள், நான் மட்டும் எப்படி நம்புவது?

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தார். மெட்ராஸில் இறங்கி பஸ்ஸில் வந்தவர், வழியில் வாங்கின ஆற்காட்டு மக்கன் பேடாப் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தார். பாயம்மா அதைப் பார்த்துவிட்டு என் காதில், "பாரின்லேர்ந்து வர்றவர் ஆற்காடு சுவீட்டா வாங்கிட்டு வருவாரு?" என்றார். பெட்டியைத் திறந்த பிறகு டேப் ரெக்கார்டர், சோப்பு, நைலக்ஸ் புடவை எல்லாம் வந்தன. ஆனால் முதலில் விழுந்த சொல் மனசிலேயே இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். அவர் தரையில் உட்காரவில்லை. சாப்பாட்டுக்கு நாற்காலி கேட்டார். மகள் இழுத்து இழுத்துப் பார்த்தாள், அவளோடு கீழே உட்கார்ந்து விளையாட வரவில்லை. பாயில் படுக்காமல் கயிற்றுக் கட்டிலைப் போடச் சொன்னார். மாமியாருக்கே அது பிடிக்கவில்லை. "ரெண்டு வருஷத்துல தரை கசந்துபோச்சா உனக்கு?" என்று கேட்டார். இவர் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

நைனா மறுநாள் காலையில் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தார். டீ கொடுத்தேன். இவர் டம்ளரை வாங்கி நைனாவிடம் நீட்டினார். நைனா டம்ளரை உடனே வாங்கவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. கட்டை விரலில் பிளவு காய்ந்து கருத்திருந்தது. நடுவிரலிலும் அடுத்த விரலிலும் வட்டமாக வெளுத்த தடம். நைனா டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். நான் வாசல் வரைக்கும் போனேன்.

"சுண்ணாம்புக் கை" என்றார்.

"நைனா, பந்து ஆடுறாரு."

"பந்து ஆடுறவனுக்கு எதுக்கும்மா விரல்ல துணி சுத்துன தடம்? நாப்பது வருஷமா என் விரல்ல நான் பாத்தது. அந்த ஊர்லயும் தோல் கம்பெனி இருக்கும். கொண்டுபோய்த் தொட்டில எறக்கிட்டானுங்க. சொல்ல வெக்கப்பட்டு மறைக்கிறான் பாவம்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்திருப்பேன். பாவம் என்று சொன்னதுதான் என்னை உடைத்துவிட்டது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், அவர் இந்த முறை என்னையும் மகளையும் கூட்டிப் போவதற்காக வந்திருந்தார். கிளப் குடும்பத்துக்கு வீடு தருகிறதாம், லீவு முடிவதற்குள் மெட்ராஸ் போய்ப் பாஸ்போர்ட் வேலையைப் பார்க்க வேண்டுமாம். "இந்த சீசனுக்கே வந்துடு" என்று வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு அவசரம்? தொட்டியில் நிற்கிற ஆளுக்கு எந்தக் கம்பெனி குடும்ப வீடு கொடுக்கும்? வாணியம்பாடிப் பக்கம் ஒருத்தி புருஷனை நம்பிப் போய், இறங்கினது ஆம்பிளைகள் கேம்ப்பில் என்று கேள்விப்பட்டிருந்தேன். மூன்று வயசுக் குழந்தையோடு, பாஷை தெரியாத ஊரில், நான் யாரிடம் போய் நிற்பேன்?

அவர் குளிக்கப் போனபோது பெட்டியில் இருந்த துணிகளை எடுத்து முகர்ந்தேன். சுண்ணாம்புத் தொட்டித் துணியில் அழுகின முட்டை நாற்றம் ஒன்று இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் அடியில் நிற்கும். இவர் துணியில் அது இல்லை, பூ சோப்பு வாசனைதான் வந்தது. நிம்மதி வரவேண்டும் இல்லையா, வரவில்லை. யார் இவ்வளவு நன்றாகத் துவைத்துக் கொடுக்கிறார்கள் என்று அடுத்த சந்தேகம் வந்தது.

அந்த வாரத்தில் பழைய டீம் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட கிரவுண்டில் வேலூர் டீமோடு ஆட்டம். இவரைக் கூப்பிட்டார்கள்.

"முடியாதுப்பா. லீவுல வெளிய ஆடக் கூடாதுன்னு கிளப்புல சொல்லி அனுப்பியிருக்காங்க."

"கிளப்புக்காரன் இன்னா ஆம்பூர்ல ஆள் வெச்சு பாக்கறானா? ஒரு பத்து நிமிஷம் வாப்பா."

"வேணாம்."

"தொரை மண்ணுல ஆடமாட்டாருடா, கால் அழுக்காயிடும்" என்றார் ஒருவர். இவர் சிரித்து மழுப்பினார். வெளியே போகும்போது அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வையை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆட்டம் மறந்துபோன ஆள்தான் இப்படி நழுவுவான் என்று அவர்கள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. நானும் அதையேதான் நினைத்தேன்.

நைனா சனிக்கிழமை மறுபடி வந்தார். இந்த முறை மனசில் இருந்ததை மறைக்கவில்லை. நாற்காலியில் இருந்த மருமகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"மாப்ள, என்கிட்ட சொல்லலாம். நானும் அதுல நின்னவன்தான். எந்தக் கம்பெனி சுண்ணாம்பு?"

இவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் சிரித்தார். நானும் நைனாவும் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பு நின்றது.

"இது பந்து மாமா. ஏசி ஹால்ல கை காய்ஞ்சுபோகும். நாள் பூரா பந்து ஒரசி நுனி வெடிச்சுடும். அதுக்கு டேப் சுத்துவோம். அந்தத் தடம்தான்."

"பந்துத் தோல் கையத் தின்னுமா? நான் தொடாத தோலா மாப்ள?"

"நீங்க தொட்டுப் பாத்தீங்க. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தரையில அடிச்சுப் பாத்தீங்களா?"

நைனா என் பக்கம் திரும்பினார். நீ என்ன சொல்கிறாய் என்கிற மாதிரி. நான் தரையைப் பார்த்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. தலையை நிமிர்த்தவில்லை.

"நீயுமா?" என்றார். நாற்காலியைப் பிடித்து எழுந்துகொண்டே, "சரி. நாளைக்கு ஆடறேன். வந்து பாரு" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். கிளப் கூடாது என்றிருக்கிறது என்று அவர் சொன்னது நிஜமானால், வேலைக்கே ஆபத்து, தடுக்க வேண்டியது நான்தான். ஆனால் நான் தடுப்பேன் என்று தெரிந்தே சொல்கிறாரோ என்றும் ஒரு நினைப்பு. அதனால் தடுக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் பாயம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட மதிலோரம் போய் நின்றேன். மண் தரை. கம்பத்தில் வலையில்லாத வெறும் இரும்பு வளையம். கூட்டத்தில் பாதிப் பேர் எங்கள் தெரு ஆட்கள்தான். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் மாதிரித் தெரியவில்லை.

முதலில் அவர் ஓடவே இல்லை. மற்றவர்கள் புழுதி கிளப்பி ஓடினார்கள். இவர் நடந்தார். "தொரை நடந்தே ஆடறாரு" என்று ஒரு குரல். சிரிப்பு. எனக்குக் காதெல்லாம் சுட்டது. பாயம்மா என் தோளைத் தொட்டார்.

அப்புறம் பந்து அவர் கைக்கு வந்தது. வளையத்துக்கு வெகு தூரத்தில் நின்றிருந்தார். அங்கேயிருந்தே விட்டார். பந்து இரும்பில் படாமல் உள்ளே விழுந்தது. மறுபடி வந்தது, மறுபடி விட்டார், விழுந்தது. இன்னொரு தடவை விடுகிற மாதிரி கையைத் தூக்கினார், இரண்டு பேர் எதிரே எகிறினார்கள், பந்து அவர் கையிலேயே இல்லை, எங்கேயோ நின்றிருந்த எங்கள் ஆளிடம் போயிருந்தது. பேச்சுச் சத்தம் அடங்கியது. அதற்கப்புறம் அவர் கைக்குப் பந்து வந்தாலே வேலூர்க்காரர்கள் தயங்கினார்கள். ஆட்டம் தெரியாத எனக்கே தெரிந்தது, இந்தக் கூட்டத்தில் இவர் ஒருவருக்கு இது வேலை, மற்றவர்களுக்கு இது விளையாட்டு என்று.

பாயம்மா, "அல்லா, நெஜமாவே ஆடறாரும்மா" என்றார். நைனா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான். ஆனால் அது நிலைக்கவில்லை. எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள், எனக்கு அவரைப் பார்க்கிற பழக்கம். எகிறினால் வலது காலில் எகிறினார். இறங்கினால் வலது காலில் இறங்கினார். இடது கால் கூடவே வந்தது, அவ்வளவுதான். ஒரு தடவை யாரோ மோதி, இடது காலை ஊன்ற வேண்டி வந்தது. முகம் ஒரு நொடி மாறியது. தரையில் உட்காராதது, கட்டில், மகளோடு குனியாதது எல்லாம் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. இவர் எதையோ மறைக்கிறார் என்று நான் நினைத்தது சரிதான், தப்பான இடத்தில் தேடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்டு வெந்நீர் காய்ச்சிக் கொண்டுபோய் அவர் நாற்காலி முன்னால் வைத்தேன். துணியை நனைத்துப் பிழிந்தேன்.

"எப்பலேர்ந்து?"

"எது?"

"இடது முட்டி."

பிறகு காலை நீட்டினார். முட்டி வீங்கியிருந்தது. "போன சீசன் கடைசில. எறங்கும்போது திரும்பிடுச்சு."

"கிளப்புக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வேற ஆளைக் கொண்டாந்துடுவாங்க. தானா சரியாயிடும்னு நெனச்சேன்."

"அப்ப வெளிய ஆடக் கூடாதுன்னு அவங்க சொன்னது?"

"அதுவும் நெஜம்தான். அவங்க சொல்லலைன்னாலும் நான் ஆடியிருக்க மாட்டேன். உங்கப்பா சுண்ணாம்புன்னாரு, அதைக்கூட தாங்கிக்கலாம். நீ தலையத் தூக்காம உக்காந்துட்டிருந்த பாரு, அதுக்குத்தான் ஆடினேன்."

துணியை மறுபடி நனைத்தேன்.

"காலு இப்படி இருக்கறப்ப எங்களை எதுக்குங்க கூப்புட்றீங்க? பாதில அனுப்பிட்டா மூணு பேரும் நடுத்தெருவுல நிப்போம்."

"அதுக்குத்தான் இப்பக் கூப்புடறேன். ஒரு சீசன் தாங்கும். ரெண்டு தாங்குமான்னு தெரியல. அங்க மரத் தரை, லைட்டு, ஆயிரம் பேர் உக்காந்து பாக்கறான். என் வீட்ல யாருமே பாத்ததில்ல. முடிஞ்சப்புறம் நான் சொன்னா நீ நம்பவா போற?"

நம்ப மாட்டேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நைனா போகாதே என்றுதான் சொன்னார். மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்டார், ஆனாலும் கால் கெட்ட ஆளை நம்பிக் கடல் தாண்டலாமா என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்றால், என்னவெல்லாம் கெட்டது நடக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அதில் ஒன்று, நான் இங்கே இருக்கும்போது அவர் அங்கே விழுவது. விழுந்தாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லி அனுப்புவார், நான் அதையும் நம்பாமல் இங்கே உட்கார்ந்திருப்பேன். அதைவிட அங்கேயே இருந்து கண்ணால் பார்த்துவிடலாம். செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குக் கிளம்பினோம். நாத்தனார், "ராஜா டிரஸ் கேளு அண்ணி" என்றாள். ஆட்டம் முடிந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பஹ்ரைனில் இறங்கியதிலிருந்து நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். வீடு, ஒரு கடைக்கு மேல் மாடியில், அவர் சொன்ன மாதிரியே இருந்தது. கேம்ப் இல்லை. துணி துவைக்க கீழே ஒரு லாண்டரி இருந்தது, ஒரு வயசான ஆள் நடத்தினார். அந்தச் சந்தேகமும் அங்கேயே தீர்ந்தது. கோச்சின் மனைவி பக்கத்து வீடு. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

முதல் ஆட்டத்துக்குக் கோச்சின் மனைவிதான் என்னையும் மகளையும் கூட்டிப்போனார். மேல் வரிசையில் உட்கார்ந்தோம். தரை பளபளவென்று தண்ணீர் மாதிரி இருந்தது. இவர் உள்ளே வந்தபோது கூட்டம் முழுக்க இவர் பனியன் நம்பரைச் சொல்லிக் கத்தியது. அரபியில் எண் தெரியாவிட்டாலும் அது இவரைத்தான் என்று விளங்கியது. போட்டோவில் பார்த்த அதே பனியன். கோச்சின் மனைவி, "பாத்தில்லே? எப்படி இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

உண்மையில் நான் பந்தைப் பார்க்கவில்லை. அவர் எகிறும்போதெல்லாம் எந்தக் காலில் இறங்குகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டியில் கட்டு இல்லை. கட்டினால் கிளப்புக்குத் தெரிந்துவிடும் என்று அவிழ்த்துவிட்டு வந்திருந்தார். "அம்மா, கை வலிக்குது" என்று மகள் சொன்ன பிறகுதான் அவள் கையை எவ்வளவு இறுக்கியிருந்தேன் என்று தெரிந்தது.

நடுவில் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே எங்களைத் தேடினார். கண்டுபிடித்ததும், எப்படி என்கிற மாதிரி கையைத் திருப்பிக் காட்டினார். நான் உள்ளங்கையைக் கீழே அமுக்கி, போதும், உட்காருங்கள் என்று சைகை செய்தேன். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.